சி.எஸ்.எம். வகுப்பு: 23,600 ரூபாய்க்கு ஒரு பந்து விளையாட்டு

11 வருடமாக மென்பொருள் டெஸ்டிங்கில் இருக்கிறேன். அலுவலகம் சோழிங்கநல்லூரில். போன வருடம் உள்ளுக்குள்ளேயே ஸ்க்ரம் மாஸ்டர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். வேலையைக் குறுகிய சுற்றுகளாகப் பிரித்து டீமாகச் செய்யும் முறைக்குத்தான் ஸ்க்ரம் என்று பெயர், டீம் அதைச் சரியாகப் பின்பற்ற உதவுபவர் ஸ்க்ரம் மாஸ்டர். விண்ணப்பிக்கப் போனால் முதல் வரியிலேயே 'சி.எஸ்.எம். அல்லது பி.எஸ்.எம். கட்டாயம்' என்று இருந்தது. இரண்டுமே ஸ்க்ரம் மாஸ்டருக்கான சான்றிதழ்கள், கொடுக்கும் அமைப்புகள்தான் வேறு. நாலு வருடமாக எங்கள் டீமில் அந்த வேலையைப் பேர் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தவளே நான்தான். சரி, காகிதம்தானே, வாங்கிவிடுவோம் என்று இறங்கினேன்.

சி.எஸ்.எம். சான்றிதழைக் கொடுப்பது ஸ்க்ரம் அலையன்ஸ். நேராகத் தேர்வு எழுத முடியாது. அவர்கள் அங்கீகரித்த பயிற்சியாளரிடம் வகுப்பை முடிக்க வேண்டும். அந்த வகுப்புகளை நடுவில் இருந்து விற்கும் பயிற்சி நிறுவனங்கள் ஊர் முழுக்க இருக்கின்றன. நான் சேர்ந்ததும் அப்படி ஒன்றில்தான், பெயர் வேண்டாம். போனில் பேசிய கவுன்சலர் 20,000 என்றார். பணம் கட்டும் பக்கத்தைத் திறந்தால் 23,600. "ஜி.எஸ்.டி. மேடம், எல்லாருக்கும் உள்ளதுதானே" என்றார். உள்ளதுதான், அதை முதலிலேயே சொல்வதற்கென்ன? வகுப்புக்கு இரண்டு நாள் முன்புவரை பயிற்சியாளர் யார் என்றும் சொல்லவில்லை. நான் விடாமல் கேட்டுப் பெயரை வாங்கி, ஸ்க்ரம் அலையன்ஸ் தளத்தில் இருக்கிறாரா என்று பார்த்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன். நீங்கள் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கிண்டியில் ஒரு ஓட்டலின் கூட்ட அறை, சனி ஞாயிறு, 24 பேர். முதல் நாள் காலை முழுக்க ஸ்லைடு. ஸ்க்ரமும் சேர்ந்த 'அஜைல்' என்ற வேலைமுறையின் வரலாறு: 2001 பிப்ரவரியில் அமெரிக்காவில் யூட்டாவின் ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி அதன் அறிக்கையை எழுதியது, நான்கு மதிப்புகள், 12 கோட்பாடுகள். வீட்டிலேயே படித்துவிடலாம். ஏசி குளிரில் பாதிப்பேர் துப்பட்டாவையும் கைக்குட்டையையும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மதியச் சாப்பாட்டில் வத்தக்குழம்பு மட்டும் பிரமாதம்.

சாப்பிட்டு வந்ததும் பந்து விளையாட்டு. 12 பேர் கொண்ட இரண்டு குழு, ஒரு வாளி நிறைய பிளாஸ்டிக் பந்து. எல்லோர் கையும் பந்தில் பட வேண்டும். கைமாறும்போது பந்து காற்றில் இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுக்கக் கூடாது. தொடங்கியவரிடமே பந்து திரும்பி வந்தால் ஒரு புள்ளி. ஒவ்வொரு சுற்றும் இரண்டு நிமிடம், இடையில் பேசிக்கொள்ள ஒரு நிமிடம். முதல் சுற்றுக்கு முன் எத்தனை எடுப்பீர்கள் என்று பயிற்சியாளர் கேட்டார், 40 என்றோம். எடுத்தது 11. அடுத்தது 19. மூன்றாவது சுற்றில் எங்கள் குழுவில் இருந்த ஒரு ப்ராஜெக்ட் மேனேஜர் பொறுப்பைத் தன் கையில் எடுத்துக்கொண்டு ஆளாளுக்கு உத்தரவு போட்டார். 14-க்கு இறங்கிவிட்டது. நான்காவதில், அதுவரை வாயே திறக்காத ஒரு பெண், எதிரெதிரே இரண்டு வரிசையாக நெருங்கி நின்றால் என்ன என்று கேட்டாள். 52! பயிற்சியாளர் இவ்வளவு நேரமும் சுவரில் சாய்ந்துகொண்டு வேடிக்கைதான் பார்த்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: "மூன்றாவது சுற்றில் என்ன நடந்தது?" யாரும் பேசவில்லை. எனக்கு எங்கள் அலுவலகத்தின் காலை 10 மணிக் கூட்டம் கண்ணில் வந்தது. 40 நிமிடம், ஒவ்வொருவராக மேனேஜர் முகத்தைப் பார்த்து ஒப்பித்துக்கொண்டிருப்போம்.

இரண்டாம் நாள் ஒருவர், ஒரு ஸ்டோரி பாயிண்டுக்கு (ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று டீம் போடும் மதிப்பெண்) எத்தனை மணி நேரம் என்று கேட்டார். எங்கள் எக்செல்லில் எட்டு மணி நேரம் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பயிற்சியாளர் ஸ்க்ரமின் விதிகளைச் சொல்லும் 2020-ஆம் ஆண்டு ஸ்க்ரம் கையேட்டைத் திரையில் போட்டு, அந்தச் சொல்லைத் தேடச் சொன்னார். ஓரிடத்திலும் இல்லை. வெலாசிட்டி, அதாவது ஒரு சுற்றில் டீம் முடிக்கும் பாயிண்ட் கணக்கு? அதுவும் இல்லை. 'நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை' என்று நாங்கள் தினமும் பாடும் மூன்று கேள்விகளைக்கூட அந்தப் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். மொத்தம் 13 பக்கம், இலவசம். நாலு வருடமாக நான் புரட்டியே பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

குறையும் உண்டு. டெஸ்டர் இதில் எங்கே நிற்கிறார் என்று கேட்டேன். கையேட்டில் எல்லோரும் டெவலப்பர்கள்தான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். அங்கே இன்னும் அரை மணி நேரம் நின்றிருக்கலாம்.

தேர்வு ஒன்றுமே இல்லை. ஒரு மணி நேரத்தில் 50 கேள்வி, 37 சரியாக இருந்தால் போதும். 25 நிமிடத்தில் முடித்தேன், 46 வந்தது. வகுப்பில் தூங்கி வழிந்தவரும் பாஸ். கவுன்சலர் சொன்ன '100 சதவீதம் பாஸ்' பொய்யில்லை, ஆனால் அதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

அந்த உறுத்தலில்தான் மூன்று மாதம் கழித்து பி.எஸ்.எம். எழுதினேன். இதை நடத்துவது ஸ்க்ரம்.ஆர்க். கையேட்டை எழுதிய இருவரில் ஒருவரான கென் ஷ்வேபர் 2009-இல் தொடங்கியது. வகுப்பு கட்டாயமில்லை, 200 டாலர் கட்டி வீட்டிலிருந்தே எழுதலாம். 60 நிமிடத்தில் 80 கேள்வி, 85 சதவீதம் எடுக்க வேண்டும், அதாவது 68. நான் எடுத்தது 69. அவர்கள் தளத்தில் இருக்கும் இலவச மாதிரித் தேர்வைப் பத்துப் பதினைந்து முறை எழுதியும் இந்த லட்சணம். ஆனால் அந்த 13 பக்கத்தை வரி வரியாகப் படிக்க வைத்தது இந்தத் தேர்வுதான். இதற்குக் காலாவதியும் கிடையாது. சி.எஸ்.எம்.மை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 100 டாலரும் 20 கல்விப் புள்ளிகளும் கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். நான் புதுப்பிக்கப் போவதில்லை.

அலுவலகம் பணம் கொடுத்தால் சி.எஸ்.எம். வகுப்புக்குப் போங்கள், பந்து விளையாட்டுக்காகவாவது. சொந்தக் காசு என்றால் கையேட்டைப் படித்துவிட்டு நேராக பி.எஸ்.எம். எழுதுங்கள்.

வேலை கிடைத்தது. காலைக் கூட்டம் 20 நிமிடத்துக்கு வந்திருக்கிறது, கையேடு சொல்லும் 15-க்குள் இன்னும் வரவில்லை. அந்தக் கவுன்சலர் மாதம் ஒருமுறை அழைக்கிறார், அடுத்த நிலை வகுப்புக்குத் தள்ளுபடி உண்டாம். ஜி.எஸ்.டி. சேர்த்தா என்று கேட்டால், "மெயில் அனுப்புறேன் மேடம்" என்கிறார்.