பாதி வேலை முடிந்த பழைய கார்: அம்பாசடரா, பத்மினியா, ஹெரால்டா?

"பாதி வேலை முடிந்துவிட்டது, எஞ்சின் மட்டும் பாக்கி" என்று யாராவது சொன்னால் பழைய கார்ப் பிரியர்களுக்குக் கை பரபரக்கும். விலை குறைவு, பெயின்ட் புதிது. ஆனால் எந்தப் பாதி முடிந்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எஞ்சின் பாக்கி என்றால் செலவைக் கணக்குப் போட்டுவிடலாம். லேத் பட்டறையில் போரிங், புது பிஸ்டன், பேரிங், கிராங்க் கிரைண்டிங் என்று ஒவ்வொன்றுக்கும் விலை கேட்டுக்கொள்ள முடியும். பெயின்டுக்கு அடியில் இருக்கும் துருவுக்கு அப்படிக் கணக்குக் கிடையாது. பளபளக்கும் வண்டியைவிட, பட்டி பார்க்காமல் வெறும் தகரமாக நிற்கும் வண்டிக்கே நான் கூடுதல் விலை கொடுப்பேன்.

நம் ஊரில் இப்படி அரைகுறையாக விலைக்கு வருபவை பெரும்பாலும் மூன்று வண்டிகள்தான். மூன்றிலும் ஆபத்து வேறு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது.

அம்பாசடருக்குத் தனிச் சேஸி, அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது; பாடியே சேஸி. கதவுகளுக்குக் கீழே முன்னும் பின்னுமாக ஓடும் பெட்டித் தகரம் இற்றுப்போனால் வண்டியின் முதுகெலும்பே போனதாக அர்த்தம். டிங்கர் வேலை 'முடிந்த' பல அம்பாசடர்களில் இந்த இடத்தில்தான் பழைய துருவின் மேல் புதுத் தகடு ஒட்டி, பட்டியால் மெழுகியிருப்பார்கள். சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி அந்த விளிம்பு நெடுகத் தேய்த்துப் பாருங்கள். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் பிடிமானம் விட்டு வழுக்கும். பிறகு முன்கதவுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்கள். தரையில் நிற்கும்போது சரியாக மூடிய கதவு இப்போது இடித்தால், விற்பவர் என்ன சொன்னாலும் பேரத்தைக் கைவிட்டுக் கிளம்பிவிடலாம்.

மற்றபடி அம்பாசடர் மன்னிக்கிற வண்டி. பழைய மார்க் 2 மாடலில் இருக்கும் 1489 சி.சி. எஞ்சினை அக்கக்காகப் பிரித்துப் பழகிய மேஸ்திரிகள் சிற்றூர்களில்கூட உண்டு. 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான கார் என்பதால் பாகங்களுக்கும் அவ்வளவாகப் பஞ்சமில்லை. பிந்தைய மார்க் 4-இன் கிரில்லை மார்க் 2-இல் பொருத்தி விற்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சரியான பழைய கிரில்லைத் தேடுவது தனி அலைச்சல்.

பத்மினியைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. ஃபியட் 1100-இன் வழிவந்த 1089 சி.சி. எஞ்சின், அம்பாசடரைவிட இலகுவான உடம்பு, ஓட்டுவதற்கு மூன்றிலும் சுறுசுறுப்பு. இதற்கும் தனிச் சேஸி இல்லை. தரைத் தகரத்தையும், பின் லீஃப் ஸ்பிரிங் பாடியில் வந்து மாட்டும் இடத்தையும் குனிந்து பார்த்தே ஆகவேண்டும். இதன் பாகங்களுக்கு மும்பை டாக்சிகள் பெரிய சந்தையாக இருந்தன. 2023 அக்டோபரோடு அந்த டாக்சிகளின் காலம் முடிந்துவிட்டது. அதனால் பாக்கியிருக்கும் பாகங்களைத் தள்ளிப்போடாமல் இப்போதே வாங்கி வைத்துவிட வேண்டும்.

என் மனம் போவது ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பக்கம். சென்னைக்கு அருகே வண்டலூரில் தயாரான கார். வடிவமைத்தவர் இத்தாலியின் ஜொவான்னி மிக்கெலோட்டி. 1960-களில் மற்ற கார்கள் கைவிட்டுக்கொண்டிருந்த தனிச் சேஸி இதில் இருக்கிறது. பாடி துண்டு துண்டாகப் போல்ட்டில் பூட்டப்பட்டது. இருபுறமும் உள்ள கொக்கியை விடுவித்தால் பானெட், மட்கார்டு, முகப்பு எல்லாம் ஒன்றாக முன்பக்கம் சாயும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். பாதியில் நின்ற வேலையைத் தொடர இதைவிட வசதியான வண்டியை நான் பார்த்ததில்லை. சேஸியின் பக்கவாட்டுக் கைகள் துருப்பிடித்திருந்தாலும் அங்கே மட்டும் வெட்டி வெல்டிங் வைத்துவிட முடியும்.

ஆனால் ஹெரால்டு மறதியைப் பொறுக்காது. முன்சக்கரம் திரும்பும் அச்சின் அடியில் டிரன்னியன் என்று ஒரு பித்தளைக் கட்டை இருக்கிறது. அதற்குப் போடவேண்டியது கியர் ஆயில். எல்லா இடத்துக்கும் போல இதற்கும் கிரீஸை அடித்துவிட்டுப் போகும் பழக்கம் உண்டு. உள்ளே மரை காய்ந்து துருப்பிடித்தால் அச்சு ஒருநாள் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். விற்பவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். அவர் விழித்தால், புது டிரன்னியனையும் அச்சையும் செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

இரண்டு கதவா, நான்கு கதவா என்பதும் முக்கியம். நம் ஹெரால்டின் மூலமான ட்ரையம்ப் ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் இன்றும் பாகங்கள் செய்கிறார்கள். இரண்டு கதவு வண்டிக்குப் பலவற்றைத் தபாலில் தருவித்துக்கொள்ள முடியும். நான்கு கதவு மார்க் 3 இந்தியாவுக்கென்றே செய்யப்பட்டது. அதன் பின்கதவோ, பின்கதவுக் கண்ணாடியோ தொலைந்திருந்தால் இன்னொரு மார்க் 3-ஐக் கண்டுபிடிப்பதைத் தவிர வழியில்லை. ஹெரால்டுக்கு என் நிபந்தனை இதுதான்: எஞ்சின் உறைந்து கிடந்தாலும் பரவாயில்லை, கழற்றிய கண்ணாடி, பீடிங், கைப்பிடி, விளக்கு வளையம் அத்தனையும் மூட்டையில் இருக்கவேண்டும். "எல்லாம் இருக்கிறது, வீட்டில் தேடித் தருகிறேன்" என்ற பேச்சுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். தரையில் துணி விரித்து ஒவ்வொன்றாக அடுக்கச் சொல்லிப் பாருங்கள். முதல்முறை வாங்குபவருக்கு நான் அம்பாசடரையே சொல்வேன். மூட்டை முழுசாக இருக்கும் இரண்டு கதவு ஹெரால்டு கிடைத்தால் மட்டும் மாற்றிச் சொல்வேன்.

மூன்றுக்கும் பொதுவான இன்னொரு சிக்கல் ஆர்.சி. புத்தகம். 2021-இல் வந்த மத்திய அரசின் விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய, வணிகத்துக்குப் பயன்படாத வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்துகொள்ளலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டுகள். ஆனால் சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. அன்றாட ஓட்டத்துக்கும் அனுமதி இல்லை. ஒரு காலத்தில் டீசல் மலிவு என்று அம்பாசடர்களில் மேட்டடோர் வேனின் டீசல் எஞ்சினைத் தூக்கிப் போட்டார்கள். அப்படி ஒரு வண்டி பாதி வேலையோடு வந்தால், எஞ்சின் நம்பரைக் கம்பித் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்து, ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகே விலை பேச உட்காருங்கள்.