பக்கக் கதவா, பின்கதவா, லிஃப்டா: வீல்சேர் வேன் வாடகைக்கு எடுக்கும்போது

அண்ணன் பேட்டரியில் ஓடும் பவர் வீல்சேரில் இருப்பவர். குடும்பமாக எங்காவது போவதென்றால் வேன் பிடிப்பது என் பொறுப்பு. பக்கக் கதவில் ராம்ப் (ஏற்றி இறக்கும் சரிவுப் பலகை) உள்ளது, பின்கதவில் ராம்ப் உள்ளது, ஆளோடு நாற்காலியைத் தூக்கும் லிஃப்ட் வைத்த பெரிய வேன் என்று மூன்றிலும் அவரோடு போயிருக்கிறேன். எது தேவலை என்று விசாரிப்பவர்கள் பெரும்பாலும் ஏற்றி இறக்குவதைப் பற்றியே கேட்கிறார்கள். அது ஏற ஐந்து நிமிடம், இறங்க ஐந்து நிமிடம். நடுவில் ஆறு மணி நேரம் அவர் எங்கே, எப்படி உட்கார்ந்திருக்கப் போகிறார் என்பதைத்தான் நான் இப்போதெல்லாம் முதலில் பார்க்கிறேன்.

அதற்கும் முன்னால் டேப்பை எடுத்து அளக்க வேண்டும். ஆள் நாற்காலியில், வழக்கமான குஷன் மேல் உட்கார்ந்திருக்கும்போது தரையிலிருந்து உச்சந்தலை வரை உயரம். நாற்காலியை ஓட்டும் ஜாய்ஸ்டிக் பக்கம் துருத்திக்கொண்டிருப்பதையும் சேர்த்து அகலம். பின்சக்கரத்திலிருந்து கால் கட்டைவிரல் நுனி வரை நீளம். நாற்காலியும் ஆளுமாகச் சேர்த்து எடை. பவர் வீல்சேர் மட்டுமே நூறு கிலோவைத் தாண்டுவது சாதாரணம்.

முதல் தடவை நான் இதில் கோட்டை விட்டேன். போனில் வேனின் உள்ளே உயரம் எவ்வளவு என்று கேட்டேன், தாராளமாகவே சொன்னார்கள். கதவு திறப்பின் உயரத்தைக் கேட்கவில்லை. வந்து நின்ற வேனின் கதவு 137 செ.மீ., அண்ணனின் தலை 140. அந்த மூன்று செ.மீ.க்காக ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் கழுத்தை ஒருபக்கமாகச் சாய்ப்பார், கதவு விளிம்பில் தலை இடிக்காமல் நான் உள்ளங்கையை நடுவில் வைத்துக்கொள்வேன். நாற்காலியையே பின்னால் சாய்த்துப் பார்த்தோம். உயரம் குறைந்தது, ஆனால் நீளம் கூடி ராம்ப் முடிந்ததும் உள்ளே திருப்ப முடியவில்லை.

பக்கக் கதவு வேனில் இந்தத் திருப்பம்தான் பெரிய விஷயம். ராம்பில் ஏறியதும் நாற்காலி வேனுக்குக் குறுக்காக நிற்கும். அங்கிருந்து அரைவட்டத்தில் பாதி திரும்பி முன்னோக்கி நிற்க வேண்டும். கால் தாங்கி நீட்டியிருக்கும் நீளமான நாற்காலிக்கு இது சர்க்கஸ். மற்றபடி எனக்குப் பிடித்தது இந்த வகைதான். காரணம் இருக்கை. நடு வரிசையில் எல்லோருக்கும் மத்தியில் இருக்கலாம். முன் பயணி இருக்கையைக் கழற்றி எடுக்கும்படி அமைத்த வேன் கிடைத்தால் ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே நாற்காலியை நிறுத்தலாம். பின்னால் டிக்கி அப்படியே காலியாக இருப்பதால் பெட்டிகளுக்கும் பேட்டரி சார்ஜருக்கும் இடம் இருக்கும். வீல்சேரில் இருப்பவரே ஓட்டுவதென்றாலும் பெரும்பாலும் இதுதான் வழி. கைக்கட்டுப்பாடுகள் (பிரேக்கையும் ஆக்ஸிலரேட்டரையும் கையாலேயே இயக்கும் ஏற்பாடு) பொருத்திய வண்டி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வேன்களில் கம்பெனியிலிருந்து வந்த தரையை வெட்டி எடுத்துவிட்டு, ஓர் அடி அளவுக்குத் தாழ்த்தி வேறு தரை போட்டிருப்பார்கள். அதனால்தான் மினிவேனிலும் தலை இடிக்காமல் உட்கார முடிகிறது. அதற்கு விலை, வேகத்தடைகளில் வண்டியின் வயிறு உரசுவது. கரடுமுரடான சாலை இருக்கிற பயணமென்றால் இதை யோசிக்க வேண்டும்.

ராம்பின் சரிவையும் குறைத்து எடை போடக்கூடாது. கட்டடங்களில் ராம்புக்கு 12 அடி நீளத்துக்கு ஓர் அடி உயரம் என்பது பரவலான கணக்கு. வேனில் தரை 30 செ.மீ. உயரத்திலும் ராம்ப் 120 செ.மீ. நீளத்திலும் இருந்தால் கிட்டத்தட்ட நாலுக்கு ஒன்று. மூன்று மடங்கு செங்குத்து! பவர் வீல்சேர் ஏறிவிடும். கையால் தள்ளும் நாற்காலி என்றால் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும். கதவு திறக்கும்போது வண்டி அந்தப் பக்கம் கொஞ்சம் மண்டியிடும் வசதி சில வேன்களில் உண்டு. தள்ளுகிறவருக்கு வயதாகிவிட்டதென்றால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

பக்கக் கதவின் இன்னொரு தலைவலி பார்க்கிங். ராம்ப் விரிந்து, நாற்காலி இறங்கித் திரும்ப, வண்டிக்குப் பக்கத்தில் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் வேண்டும். நாம் சாப்பிடப் போன நேரத்தில் வேறொருவர் ஒட்டி நிறுத்திவிட்டால், யாராவது வண்டியை வெளியே எடுத்த பிறகுதான் ஏற முடியும். தனியாக ஓட்டிவந்தவர் நிலைமை பாவம்.

பின்கதவு வேனில் அந்தப் பிரச்சினை இல்லை. எவ்வளவு நெருக்கமான இடத்திலும் நிறுத்தலாம், பின்னால் மட்டும் இடம் விட்டால் போதும். நேராக உள்ளே, நேராக வெளியே, திருப்பமே கிடையாது. நீளமான நாற்காலிக்கு இது வரப்பிரசாதம். கையால் தள்ளும் நாற்காலியை இழுத்து ஏற்ற வின்ச் (மோட்டாரால் பட்டையைச் சுருட்டி இழுக்கும் கருவி) பொருத்தியவையும் உண்டு. ஆனால் சாலையோரம் வரிசையில் நிறுத்தினால் ராம்ப் போக்குவரத்துக்கு நடுவில் இறங்கும். அதை ஒருமுறை பார்த்தவர்கள் மறுபடி அப்படி நிறுத்த மாட்டார்கள்.

சரி, உட்காரும் இடம்? பெரும்பாலும் பின் அச்சுக்கு அருகில். முன்னால் இருப்பவர்களுக்குத் தெரியாத குலுக்கல் எல்லாம் அங்கே போகும். முதுகுத்தண்டில் பிரச்சினை உள்ளவருக்கு இது சின்ன விஷயமில்லை. சாமான் வைக்க வேண்டிய இடத்தை நாற்காலியின் பாதை தின்றுவிடும். அப்புறம், பேச்சு. ஒரு நெடுஞ்சாலைப் பயணத்தில் நாங்கள் முன்னால் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தோம். என் போன் அடித்தது. பார்த்தால் பின்னாலிருந்து அண்ணன். "டேய், என்னன்னு எனக்கும் சொல்லுங்கடா" என்றார். அன்றைக்கே முடிவு செய்தேன், பின்கதவு வேன் மருத்துவமனை, விமான நிலையம் மாதிரி ஒரு மணி நேர ஓட்டத்துக்கு மட்டும்தான்.

லிஃப்ட் வேன் தேவைப்படுவது மூன்று சந்தர்ப்பங்களில்: நாற்காலி மிகக் கனம், ஆள் மிக உயரம், அல்லது இரண்டு வீல்சேர்கள். ஃபோர்டு டிரான்சிட், மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் போன்ற உயரக் கூரை வேன்களில் இந்த ஏற்பாடு இருக்கும். அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்டமான ஏடிஏவின் விதிகள் பொதுப் போக்குவரத்து லிஃப்டுக்குக் கேட்கும் குறைந்தபட்சத் தாங்குதிறன் 600 பவுண்டு, அதாவது சுமார் 272 கிலோ. தனியார் வேன்களில் இதைவிடக் கூடுதலாகவும் கிடைக்கும். எண்ணைக் கேட்டுக்கொண்டு உங்கள் மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். தரையைத் தாழ்த்தத் தேவையில்லாததால் வயிறு உரசும் கவலையும் இல்லை.

குறை என்றால், கூரை 2.7 மீட்டர் உயரத்துக்குப் போகும் வண்டி அடித்தளப் பார்க்கிங்குகளில் நுழையாது. விடுதியை முடிவு செய்யும்போதே இதைக் கேட்க வேண்டும். இன்னொன்று, எந்த ஒப்பீட்டிலும் நான் பார்க்காதது: ஜன்னல். சாதாரண இருக்கையைவிட வீல்சேரில் கண்மட்டம் உயரம். சில வேன்களில் அது ஜன்னலின் மேல் விளிம்புக்கும் மேலே போய்விடும். எல்லோரும் மலையைப் பார்த்துக்கொண்டு வர, அவருக்குத் தெரிவது சாலையோர வெள்ளைக்கோடு மட்டும். முடிந்தால் வேனை எடுக்கும் முன் அவரையே ஏற்றி உட்காரவைத்து, "என்ன தெரியுது?" என்று கேட்டுவிடுங்கள்.

நாற்காலியிலிருந்து கார் இருக்கைக்கு மாற முடிகிறவர், மடக்கும் நாற்காலி வைத்திருப்பவர் என்றால் இத்தனை யோசனை வேண்டாம், சாதாரண வண்டியே போதும்.

எந்த வேனானாலும் கட்டும் முறை ஒன்றுதான். முகம் வண்டி போகும் திசையில் இருக்க வேண்டும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு பட்டைகள் நாற்காலியின் சட்டகத்தில் மாட்ட வேண்டும். சக்கரத்திலோ கழற்றும் கால் தாங்கியிலோ மாட்டக்கூடாது. டபிள்யூசி19 என்ற விபத்துச் சோதனைத் தரத்துக்குச் சோதிக்கப்பட்ட நாற்காலியில் மாட்டும் இடங்களில் கொக்கிப் படம் இருக்கும். இது நாற்காலிக்கு. ஆளுக்கு இடுப்பும் தோளும் சேர்ந்த தனி பெல்ட் வேண்டும். நாற்காலியோடு வரும் இடுப்புப் பட்டை பெரும்பாலும் விபத்தில் தாங்காது, அது நிமிர்ந்து உட்காரத்தான். தானாகப் பூட்டிக்கொள்ளும் டாக்கிங் அமைப்பு இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னால் மயங்க வேண்டாம். அதற்கு உங்கள் நாற்காலியின் அடியில், அந்தப் பூட்டில் பொருந்தும் உலோக முளை இருந்தாக வேண்டும்.

சாவி வாங்கும் முன் கரண்ட் இல்லாமல் ராம்பை எப்படி இறக்குவது, லிஃப்டின் கை பம்ப் எங்கே என்று செய்து காட்டச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் போதாது. ஒருமுறை மழையில் ராம்ப் பாதியில் நின்றபோது, இழுக்க வேண்டிய கயிறு எந்தப் பேனலுக்குள் இருக்கிறது என்று செல்போன் வெளிச்சத்தில் அரை மணி நேரம் தேடினேன். அண்ணன் உள்ளே சொகுசாக உட்கார்ந்து எனக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த பயணத்துக்குப் பக்கக் கதவு வேன்தான் சொல்லியிருக்கிறேன், முன் இருக்கை கழற்றியது. கதவு உயரம் 142 செ.மீ. வழி சொல்லும் வேலையும் பாட்டு மாற்றும் வேலையும் தனக்குத்தான் என்று அண்ணன் இப்போதே அறிவித்துவிட்டார்.