பெட்டி இல்லாமல் வாங்கிய ஹார்ட் டிஸ்க், ஐந்து ஆண்டுக்குப் பிறகு

2020 தொடக்கத்தில் என் மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். பத்து வருடக் கேள்வித்தாள்கள், பிள்ளைகளின் கலைவிழாப் படங்கள் எல்லாம் அதில்தான். அன்றிரவே உட்கார்ந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டேன். மாற்று டிஸ்க் வாங்கும்போதுதான் ஒருமுறை ஏமாந்தேன்.

இயங்கலையில் ஒருவர் "புதியது, பெட்டி மட்டும் இல்லை" என்று விற்றார். குமிழிப் பிளாஸ்டிக் ஒரே ஒரு சுற்று சுற்றி வந்து சேர்ந்தது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்த்தேன். எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்ற கணக்கை டிஸ்க்கே தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும். அதில் 9,214 மணி. ஓர் ஆண்டு முழுக்க இரவு பகலாக ஓடினாலும் 8,760 மணிதான் வரும்! பணம் திரும்பக் கிடைத்தது, ஆனால் இரண்டு வாரம் வீணானது. அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

சரி, நேரில் பார்த்தே வாங்குவோம் என்று கோலாலம்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குப் போனேன். ஒரு கடையில் தமிழ்ப் பையன் இருந்தான். "அண்ணே, பெட்டி இல்லாதது 30 வெள்ளி குறையும், வேணும்னா இங்கேயே போட்டுப் பாருங்க" என்றான். 1 டெராபைட், நிமிடத்துக்கு 5,400 சுற்று. ஓடிய நேரம் பூஜ்யம். இந்தக் கணக்கை அழித்துவிட்டு விற்பவர்களும் உண்டு என்பதால், லேபிளில் உள்ள தயாரிப்புத் தேதியையும் பார்த்துக்கொண்டேன். நான்கு மாதம் முந்தையது.

பெட்டி இல்லாததால் எனக்குக் குறைந்தது உத்தரவாதம்தான். இப்படி வரும் டிஸ்க்குகள் பெரும்பாலும் கணினி தயாரிப்பவர்களுக்காக அனுப்பப்பட்டவை. வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டபோது, வாங்கிய இடத்தில் கேட்கச் சொல்லிவிட்டது. கடை கொடுத்த ஓராண்டு உத்தரவாதம் மட்டும்தான் கையில். அதுவும் அவர்கள் ஒட்டிய ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தால்தான் செல்லும். ரசீது எழுத்து மங்கிவிடும் என்று அன்றே படம் எடுத்து வைத்தேன்.

திருகு, கேபிள் எதுவும் கிடைக்கவில்லை. பழைய டிஸ்க்கின் திருகுகளே போதும். ஆனால் பழையது 9.5 மில்லிமீட்டர் தடிமன், புதியது 7. உள்ளே ஆடியது. மறுநாள் பள்ளி முடிந்து அதே கடைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் சட்டம் வாங்கிப் பொருத்தினேன். வாங்கிய அன்று அந்த டிஸ்க்கை வெள்ளி நிறப் பையோடு, தித்திவங்சா வரை மோனோரயிலில் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதிர்ச்சி தாங்காத பொருள் அது.

மார்ச் 18 கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. இயங்கலை வகுப்புகள் தொடங்கின, மடிக்கணினிக்கு ஓய்வே இல்லை. ஒருமுறைகூடக் காலை வாரவில்லை. ஒரு குறை உண்டு. பெரிய வீடியோக்களை மொத்தமாக நகலெடுத்தால் முதலில் வேகமாகப் போகும், அப்புறம் தவழும். இந்த வகை டிஸ்க்குகளில் தடங்களை வீட்டுக்கூரை ஓடு போல ஒன்றன்மேல் ஒன்று ஏறியபடி எழுதுகிறார்கள். ஒன்றை மாற்றி எழுத வேண்டுமானால் அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். கேள்வித்தாள் தட்டச்சு செய்ய அது தெரியவே தெரியாது.

நான்கு ஆண்டுகள் அந்த மென்பொருளில் பழுதான பகுதிகளின் எண்ணிக்கை பூஜ்யமாகவே நின்றது. போன வருடம் 8 என்று காட்டியது. நான் காத்திருக்கவில்லை. மடிக்கணினியில் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம், போட்டுவிட்டேன். இன்று புதிதாக வாங்குகிறவருக்கும் உள்ளே போட அதையே சொல்வேன். கழற்றிய இந்த டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி உறைக்குள் வைத்து, படங்களின் மூன்றாவது நகலுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். 10,400 மணி ஓடியிருக்கிறது, அந்த 8 இன்னும் 8தான்.

அடுத்த சனிக்கிழமை மச்சானுக்கு நகல் வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்க அதே கடைக்குப் போகிறோம். பெட்டி இல்லாததைத்தான் கேட்கப்போகிறேன்.