குழுவில் எல்லோருக்கும் லாபம் என்றால், நீக்கப்பட்டவர்களைத் தேடுங்கள்

பங்குச் சந்தை முதலீடு கற்றுத் தருகிறோம் என்று நடத்திய ஒரு வாட்ஸ்அப் குழுவில் என் சேமிப்பின் பெரும்பகுதி போய்விட்டது. இதே மாதிரி ஒரு குழுவில் இப்போது யாராவது இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அந்தக் குழுவில் 'ஆசிரியர்' அதிகம் பேசவே மாட்டார். பேசியதெல்லாம் உறுப்பினர்கள்தான். காலையில் ஒரு பங்கின் பெயர் வரும், மாலைக்குள் லாபக் கணக்கின் ஸ்கிரீன்ஷாட்கள் வரிசையாக வந்து விழும். ஒருவர் தயங்கினால், "நானும் முதலில் பயந்தேன், இப்போது நிம்மதியாக இருக்கிறேன்" என்று இன்னொருவர் தைரியம் சொல்வார். பிறகு உட்கார்ந்து பார்த்தபோது, இரண்டு வேறு எண்களிலிருந்து வந்த படங்களில் நேரம், பேட்டரி அளவு உட்பட எல்லாமே ஒன்றாக இருந்தன.

இது பேராசைக்காரர்களுக்கு மட்டும் நடப்பது என்று நினைக்காதீர்கள். 1951-இல் உளவியலாளர் சாலமன் ஆஷ் வெளியிட்ட ஆய்வில் பணமே கிடையாது. எந்தக் கோடு எந்தக் கோட்டுக்குச் சமம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தனியாகக் கேட்டால் கிட்டத்தட்ட யாரும் தவறுவதில்லை. ஆனால் அறையில் இருந்த மற்ற எல்லோரும் ஆய்வாளர் முன்பே சொல்லிவைத்த ஆட்கள். அவர்கள் ஒரே குரலில் தவறான விடை சொன்னபோது, உண்மையில் சோதிக்கப்பட்டவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கூடவே தவறான விடையைச் சொன்னார்கள். கண்ணெதிரே இருக்கும் கோட்டுக்கே இப்படி என்றால், புதிதாக வருபவருக்குப் பங்குச் சந்தையில் என்ன தெரியும்? விஷயம் தெளிவில்லாதபோது மற்றவர்கள் சொல்வதையே நாம் தகவலாக எடுத்துக்கொள்கிறோம். அதோடு, தனித்து நிற்கிற கூச்சமும் வாயை அடைக்கிறது.

ஆஷ் இன்னொன்றையும் செய்து பார்த்தார். சொல்லிவைத்த ஆட்களில் ஒரே ஒருவரை மட்டும் சரியான விடை சொல்ல வைத்தார். கூட்டத்தோடு சேர்ந்து தவறுவது நாலில் ஒரு பங்காகக் குறைந்தது.

என்னை ஏமாற்றியவர்கள் ஆய்வு எதையும் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஒரு ஆளை எப்படிக் கையாள வேண்டும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். "பணத்தை எடுக்க முடியவில்லை, வேறு யாருக்காவது இப்படி ஆகிறதா?" என்று ஒருவர் கேட்டார். சில நிமிடங்களில் அவரை நீக்கிவிட்டார்கள். போட்டி நிறுவனத்தின் ஆள் என்று அட்மின் சொன்னார், உடனே கைதட்டும் எமோஜிகள் குவிந்தன. அப்புறம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நான் என் பணத்தைக் கேட்டபோது, முதலில் 'வரி' கட்டச் சொன்னார்கள். மறுத்தேன். என்னையும் நீக்கினார்கள்.

வாட்ஸ்அப்பில் குழு விவரப் பக்கத்தின் அடியில், கடந்த 60 நாட்களில் வெளியேறியவர்கள், நீக்கப்பட்டவர்கள் பட்டியல் இருக்கும். பணம் கட்டச் சொன்னால், முதலில் அதைத் திறந்து அதில் இருக்கும் ஒன்றிரண்டு பேரிடம் தனியாகப் பேசுங்கள். குழுவுக்குள் கேட்காதீர்கள், உங்களையும் நீக்கிவிட்டால் அந்தப் பட்டியலைப் பார்க்க முடியாமல் போகலாம்.