டெட்ரியோ: போட்டியாட்டத்துக்குத் தயாராகிறவர்களுக்கு எவ்வளவு உதவும்?

டெட்ரிஸ் போல மேலிருந்து விழும் துண்டுகளை அடுக்கும் ஆட்டத்தைப் பொழுதுபோக்காக ஆடுவது வேறு, எதிரே ஒருவரை வைத்துக்கொண்டு போட்டியாக ஆடுவது வேறு. இரண்டாவதில் தேற விரும்பும் பலர் வந்து சேரும் இடம் டெட்ரியோ. 2020-இல் வெளிவந்து, உலாவியிலேயே இலவசமாக ஆடக் கிடைக்கும் இந்த விளையாட்டை, பயிற்சிக் கருவி என்ற ஒரு கோணத்தில் மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். ஆடுபவரின் ஆட்டத்தை அளந்து காட்டுவதில் இதற்கு ஈடாகச் சொல்லக்கூடியவை மிகச் சில. ஆனால் கற்றுக்கொடுக்கும் வேலையை இது ஏறத்தாழச் செய்வதே இல்லை.

புதியவர்கள் திறந்தே பார்க்காத கட்டுப்பாட்டு அமைப்புகளில்தான் இதன் முதல் பலம் இருக்கிறது. விசையை அழுத்திப் பிடித்தபின் துண்டு தானாக ஓடத் தொடங்குவதற்கு ஆகும் நேரம் டாஸ். ஓடத் தொடங்கியபின் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவும் இடைவெளி ஏஆர்ஆர். இயல்பு நிலையில் டாஸ் 10 ஃபிரேம், அதாவது நொடியில் ஆறில் ஒரு பங்கு. ஏஆர்ஆர் 2 ஃபிரேம். ஏஆர்ஆரைப் பூஜ்ஜியமாக்கினால் டாஸ் முடிந்த கணமே துண்டு சுவரை ஒட்டி நிற்கும். டாஸை மட்டும் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். அளவுக்கு மீறிக் குறைத்தால், ஒரு கட்டம் நகர்த்தத் தட்டிய தட்டுக்கே துண்டு சுவர்வரை ஓடிவிடும்.

இந்த அமைப்புகளின் பயன் 40 வரிசைப் பந்தயத்தில் தெரியவரும். 10 நிரல்கள் கொண்ட களத்தில் 40 வரிசைகளை நிரப்பிக் கலைக்கக் குறைந்தது 100 துண்டுகள் வேண்டும் என்பதால், ஒவ்வொரு துண்டிலும் வீணாகும் ஓர் அழுத்தம் நூறாகப் பெருகுகிறது. ஆட்டம் முடிந்ததும் நேரத்தோடு ஃபினெஸ் பிழைகளையும், அதாவது தேவைக்கு மேல் விசையை அழுத்திய இடங்களின் எண்ணிக்கையையும், டெட்ரியோ காட்டுகிறது. T எழுத்து வடிவிலுள்ள டி துண்டு 4, 5, 6 ஆகிய நிரல்களில் தோன்றுகிறது. அதைத் திருப்பாமல் 7, 8, 9-க்குக் கொண்டுபோக, வலது விசையை மூன்று முறை தட்டுவதே பெரும்பாலோரின் வழக்கம். வலது விசையைப் பிடித்துச் சுவர்வரை ஓடவிட்டு, இடது விசையை ஒருமுறை தட்டினால் அதே இடம் இரண்டே அழுத்தங்களில் வந்துவிடும். நேரத்தை மறந்துவிட்டு இந்தப் பிழை எண்ணிக்கையை மட்டும் குறைக்க முயல்பவருக்கு வேகம் பின்னாலேயே வரும் என்பது என் கருத்து.

விரல் பழகியபின் வருவது கட்டுமானம். இரண்டு வரிசைகளைச் சாதாரணமாகக் கலைத்தால் எதிராளிக்கு ஒரு குப்பை வரிசைதான், அதாவது அவர் களத்தை அடியிலிருந்து உயர்த்தும் தடை வரிசைதான், போகும். அதே இரண்டை, டி துண்டைச் சுழற்றி இடுக்கில் செருகிக் கலைத்தால் (இதுதான் டி-ஸ்பின் டபுள்) நான்கு போகும். நேர்க்கோடாக நீண்ட ஐ துண்டால் நான்கு வரிசைகளை ஒருசேரக் கலைத்தாலும் கிடைப்பது அதே நான்குதான். ஆகவே டி-ஸ்பின் டபுள் அமைக்கத் தெரியாமல் மேலே போவது கடினம். ஏழு வகைத் துண்டுகளும் ஏழு ஏழாகக் கலந்து வருவதால், இரண்டு டி துண்டுகளுக்கு இடையே அதிகபட்சம் 12 துண்டுகளே வர முடியும் என்ற கணக்கு இதற்குக் கைகொடுக்கும். இதைப் பழக ஜென் முறைதான் ஏற்றது: தோல்வி என்ற அச்சுறுத்தல் இல்லை, வைத்த துண்டைத் திரும்ப எடுத்து வேறு இடத்தில் வைத்துப் பார்க்கவும் முடியும்.

ஆட்டத்துக்குப் பின் கிடைக்கும் எண்களில், நொடிக்கு எத்தனை துண்டுகள் என்பதையே எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். அதைவிடப் பயனுள்ளது, நிமிடத் தாக்குதலை, அதாவது ஒரு நிமிடத்தில் எதிராளிக்கு அனுப்பிய வரிசைகளை, அதே நிமிடத்தில் வைத்த துண்டுகளால் வகுத்துப் பார்ப்பது. நொடிக்கு 1.5 துண்டுகள் வைத்து நிமிடத்துக்கு 45 வரிசைகள் அனுப்புபவர், துண்டுக்கு அரை வரிசை அனுப்புகிறார்; நொடிக்கு 2 துண்டுகள் வைத்தும் 40 மட்டுமே அனுப்புபவருக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்குதான். இரண்டாமவருக்குத் தேவை வேகம் அன்று, அடுக்கும் முறையில் மாற்றம். ரீப்ளேயில் எந்த இடத்தில் குவியல் கெட்டது என்பதையும் காணலாம், ஆனால் ஏன் கெட்டது என்று விளையாட்டு ஒரு சொல்லும் சொல்லாது. காசு கொடுத்து வாங்கும் இதே வகை விளையாட்டான புயோ புயோ டெட்ரிஸில் உத்திகளைச் செய்துகாட்டும் பாடங்கள் உண்டு. அப்படி ஒன்று இங்கே இல்லாதது பெருங்குறை.

தரவரிசைக்கான டெட்ரா லீகைப் பயிற்சிக் களமாகக் கருத வேண்டாம் என்பேன். D-யில் தொடங்கி X+ வரை ஆங்கில எழுத்துகளாகத் தரம் தரும் இந்த லீக், தனக்கு நிகரானவரோடேயே ஒருவரை மோதவிடுவதால், எவ்வளவு தேறினாலும் வெற்றி ஏறத்தாழப் பாதியிலேயே நிற்கும். வெற்றிகளை எண்ணுபவர் தம் முன்னேற்றத்தைக் காண மாட்டார். மேலும், தரம் இறங்கிவிடுமோ என்ற பயம் தெரிந்த அமைப்புகளையே திரும்பத் திரும்பக் கட்டவைக்கும்.

தொடுதிரையில் ஆட நினைப்பவர்கள் இதை விட்டுவிடலாம். விசைப்பலகையில் ஆடுபவர்களும், மூன்று நான்கு விசைகளைச் சேர்த்து அழுத்தும்போது அது ஒன்றை விழுங்கிவிடுகிறதா என்று முதலில் சோதித்துக்கொள்வது நல்லது.