நாலு முழக் கதர் வேட்டியும் துண்டும்: யாருக்கு வாங்கலாம்?

ஈரோட்டில் ஒரு கதர்க் கடையில் வாங்கிய நாலு முழ வேட்டியையும் துண்டையும் ஒரு கோடைக்காலம் முழுவதும் உடுத்தித் துவைத்துப் பார்த்துவிட்டேன். உடை என்ற அளவில் இது நல்ல சரக்கு. கொடுத்த விலைக்குக் குறைவில்லை. ஆனால் இதை எனக்காக மட்டும் வாங்கவில்லை. எங்கள் உறவில் ஓர் இளைஞர் கீழ்பவானி வாய்க்காலின் கிளை ஒன்றில் பாசன சபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவருக்குச் சரிகைப் பொன்னாடை போர்த்துவதைவிடக் கதர் வேட்டியும் துண்டும் கொடுப்பதே முறை என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும் என்பதற்காகவே எனக்கும் ஒரு சோடி எடுத்தேன். ஆகவே இந்த மதிப்புரை துணியின் தரத்தோடு நிற்காமல், இந்தத் துணியை உடுத்தி நாட்டுக்கு வழிகாட்டியவர்களையும் சேர்த்தே பேசுகிறது.

முதலில் துணி. வேட்டி சலவை செய்யாத கோரா நிறத்தில், இலேசான பழுப்போடு இருக்கிறது. கடையில் சலவை செய்த வெள்ளையும் உண்டு. கோராதான் நெடுநாள் உழைக்கும் என்று சொல்லிக் கடைக்காரர் இதை எடுத்துக் கொடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நூல் ஓரிடத்தில் சற்றுத் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடுவது தெரிகிறது. கையால் நூற்ற நூலின் இயல்பு அது. அதைக் குறையாகக் கொள்ளக் கூடாது. கரை ஒரு விரல் அகலம், கரும்பச்சை. பல முறை துவைத்த பிறகும் சாயம் இறங்கவில்லை. சித்திரை வெயிலில் வாய்க்கால் மேட்டில் நின்று பேச நேர்ந்தால், பாலியஸ்டர் கலந்த வேட்டி காலோடு ஒட்டிக்கொள்ளும். இது வியர்வையை வாங்கிக்கொண்டு காற்றையும் உள்ளே விடுகிறது. துண்டு வேட்டியைவிட ஒரு படி மேல். குளித்துத் துவட்டுவதற்கும், வெயிலுக்குத் தலையில் கட்டுவதற்கும், சபைக்குப் போகும்போது தோளில் போடுவதற்கும் அந்த ஒரே துண்டு போதுமானதாக இருந்தது. துவைக்கத் துவைக்க மென்மையும் கூடியிருக்கிறது.

குறைகளும் உண்டு. பேருந்தில் கோபிசெட்டிப்பாளையம் வரை உட்கார்ந்து போனாலே வேட்டி கசங்கிவிடுகிறது. முந்தியில் நூல் பிரிந்ததால் முடிச்சிட வேண்டியிருந்தது. முதல் துவைப்பில் நீளமும் அகலமும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சுருங்குகின்றன. உடல் பருத்தவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொண்டு அளவைப் பார்த்து வாங்க வேண்டும். இதைக் கடைக்காரரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார்: “மொதல்ல ஒரு ராத்திரி பச்சத் தண்ணில ஊறப் போட்டுத் தொவைங்க, அப்பறமா கட்டுங்க. சுருங்கறது அன்னைக்கே சுருங்கிப் போயிருமுங்க.” அவர் சொன்னபடியே செய்தேன்; அதற்குப் பிறகு சுருக்கம் இல்லை.

ஈரோடு, பள்ளிபாளையம், திருச்செங்கோடு வட்டாரம் விசைத்தறியின் வட்டாரம் என்பதால், வாங்குபவர் மூன்று வகைகளைப் பிரித்தறிந்துகொள்வது நல்லது. ஆலை நூலை விசைத்தறியில் நெய்தது ஒன்று; அதே ஆலை நூலைக் கையால் நெய்தது கைத்தறி; நூற்பதும் நெய்வதும் இரண்டுமே கையால் நடந்தால்தான் அது கதர். பார்வைக்குக் கதர் போலவே தோன்றும் விசைத்தறித் துணி சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. ஆகவே கதர் முத்திரை உள்ளதா என்று பார்த்து, சீட்டிலும் கதர் என்று எழுதி வாங்க வேண்டும். இன்றைய நூல் பெரும்பாலும் பல கதிர்கள் கொண்ட அம்பர் இராட்டையில் நூற்கப்படுகிறது. அதை வடிவமைத்த ஏகாம்பரநாதன் தமிழ்நாட்டுக்காரர். பழைய ஒற்றைக் கதிர் இராட்டையைவிட வேலை விரைவாக நடந்தாலும், ஒரு வேட்டிக்கான நூல் தயாராகும் வரை ஒருவர் உட்கார்ந்து இழுத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

அந்த உழைப்பைத் தலைவர்களும் செய்தாக வேண்டும் என்று ஒரு காலத்தில் விதியே இருந்தது. 1924 டிசம்பரில் பெல்காமில் காந்தியடிகள் தலைமையில் கூடிய காங்கிரஸ், உறுப்பினராக இருக்க விரும்புகிறவர் மாதம் 2,000 கெசம் நூலைச் சந்தாவாகக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தது. தானே நூற்க இயலாதவர் பிறர் நூற்றதை வாங்கிக் கொடுக்கலாம் என்ற சலுகை இருந்தது. விதியும் நெடுநாள் நீடிக்கவில்லை. ஆயினும் அதன் நோக்கம் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுகிறது. மேடையில் பேசுகிறவரும் மேடைக்குக் கீழே இருப்பவரும் நாளில் சிறிது நேரமாவது ஒரே வேலையைச் செய்ய வேண்டும், அதுவும் நாட்டிலேயே மிகக் குறைந்த கூலி கிடைக்கும் வேலையைச் செய்ய வேண்டும் என்பதே அது. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் அரைவேட்டிக்கு மாறிய காந்தியடிகள் அதை ஒரு நாள் காட்சியாகச் செய்யவில்லை. இலண்டனுக்குப் போனபோதும் அந்த உடையிலேயே போனார்.

கொங்கு நாட்டில் இதை மிக அருகிலிருந்து காட்டிய இடம் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம். சேலத்தில் நன்றாகப் பொருளீட்டிய வழக்கறிஞராகவும், 1917 முதல் நகர்மன்றத் தலைவராகவும் இருந்த இராஜாஜி, ஒத்துழையாமை இயக்கத்தில் தொழிலை விட்டவர். 1925 பிப்ரவரி 6 அன்று அவர் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கித் தம் மக்களோடு ஒரு குடிசையில் குடியேறினார். மழை பொய்த்த காலம் அது. சுற்றுக் கிராமத்துப் பெண்களுக்குப் பஞ்சு கொடுத்து, அவர்கள் நூற்றுக் கொண்டுவரும் நூலை எடைபோட்டு வாங்கிக் கூலி கொடுப்பது ஆசிரமத்தின் முதல் வேலை; பல மைல் நடந்து நூல் சுமந்து வந்தவர்களுக்கு அந்தச் சில அணாக்களே அன்றைய அடுப்பை எரித்தன. ஆசிரமத்தில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக இருந்து ஒன்றாக உண்டனர். அது ஊரில் பலருக்குப் பொறுக்கவில்லை. எதிர்ப்புக்காக இராஜாஜி வழக்கத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. பின்னாளில் நாட்டின் தலைமை ஆளுநராக ஆகப்போகிறவர், எடைக்கல்லுக்கும் நூல் சிட்டத்துக்கும் (நூற்ற நூலைச் சுற்றிய கட்டு) நடுவில் உட்கார்ந்து கணக்கு எழுதிய ஆண்டுகள் அவை. அவருடைய அரசியலில் எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், இந்த ஆண்டுகளைத்தான் முதலில் சொல்வேன்.

அந்த ஊர்களில் கள்ளுக்கடை குடும்பங்களை என்ன செய்கிறது என்பதை அவர் நாள்தோறும் கண்டார். மதுவிலக்குக்காக ‘விமோசனம்’ என்ற மாத இதழ் 1929-இல் ஆசிரமத்திலிருந்து வெளிவந்தது. கல்கி அதில் துணையாசிரியராக இருந்து உழைத்தார். இராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானதும், 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கைக் கொண்டுவர முதலில் தேர்ந்தெடுத்தது திருச்செங்கோட்டையும் உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டத்தையே. அந்தக் கள்ளுக்கடைகளுக்கு நடுவில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர் போட்ட சட்டம் அது. சரியா தவறா என்று வாதிடலாம், வேரில்லாத சட்டம் என்று எவரும் சொல்ல முடியாது.

1948 ஜூன் 21 முதல் 1950 ஜனவரி 26 வரை அவர் இந்தியாவின் தலைமை ஆளுநர். அப்பதவியில் இருந்த ஒரே இந்தியரும் கடைசி மனிதரும் அவரே. வைசிராய்கள் தங்கிய பகட்டான அறைகள் தமக்கு வேண்டாம் என்று அதே மாளிகையின் சிறிய அறைகளுக்கு மாறிக்கொண்டார். உணவுத் தட்டுப்பாடு இருந்ததால் மாளிகை வளாகத்தின் ஒரு பகுதியில் கோதுமை பயிரிடச் செய்தார். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அதற்குப் பின் நடந்தது. நாட்டின் முதல் இருக்கையில் அமர்ந்தவர், 1950-இல் நேருவின் அமைச்சரவையில் அமைச்சர்களில் ஒருவராகச் சேர்ந்தார். 1952-இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக வந்தார். மேலே இருந்தவர் கீழே உள்ள நாற்காலியில் அமர்வது கௌரவக் குறைவு என்று நினைக்கும் வழக்கம் நம்மிடம் ஊர்ச் சங்கம் வரை இருக்கிறது. அவருக்கு வேலைதான் கணக்கு, நாற்காலியின் உயரம் கணக்கில்லை. அவரைக் குறையற்றவராகவும் நான் காட்டவில்லை. 1953-இல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்ததும், அதன் தொடர்ச்சியாக 1954-இல் அவர் பதவி விலகியதும் வரலாறு. ஊரின் குரலைக் கேட்டு வளர்ந்தவர் அந்த ஒரு விஷயத்தில் கேட்கத் தவறினார் என்பதே என் கருத்து.

பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்துக்காரரான சி. சுப்பிரமணியமும் இதே வழி வந்தவர். 1964-இல் மத்திய உணவு அமைச்சரானவர், மெக்சிகோ கோதுமை விதையை உழவர் நம்ப வேண்டுமே என்று தில்லியில் தம் வீட்டுப் புல்வெளியை உழுது அதில் விதைத்துக் காட்டினார். 1966-இல் 18,000 டன் விதை இறக்குமதியானது. பசுமைப் புரட்சி அங்கிருந்து எழுந்தது.

பதவியில்லாத தலைமையும் இந்தத் துணிக்கு உண்டு. சென்னிமலை நெசவுக் குடும்பத்தில் 1904-இல் பிறந்த குமரன், 1932 ஜனவரி 10 அன்று திருப்பூர் ஊர்வலத்தில் கொடியோடு அடிபட்டு மறுநாள் உயிர் நீத்தார். அவர் எந்தப் பதவியிலும் இருந்தவர் அல்லர். ஈரோட்டு நகர்மன்றத் தலைவராகவும் செல்வந்த வணிகராகவும் இருந்த பெரியார், காங்கிரசில் இருந்த காலத்தில் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார். பின்னாளில் அவரும் இராஜாஜியும் எதிரெதிர் அணிகளில் நின்றார்கள் என்றாலும், தொடக்கத்தில் இருவரும் மக்களிடம் போனது இந்தத் துணியோடுதான். கோபிசெட்டிப்பாளையத்தில் நகர்மன்றத் தலைவராக இருந்த ஜி.எஸ். லட்சுமண ஐயர், மனிதக் கழிவை மனிதர் சுமக்கும் முறையைத் தம் நகரில் ஒழித்தவர். தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு விடுதி நடத்தியவர். குடும்பச் சொத்தின் பெரும்பகுதியைப் பொதுப்பணிக்குக் கொடுத்துவிட்டு எளிய மனிதராகவே 2011-இல் மறைந்தார். கோபிக்குப் போகிறவர்கள் அவரைப் பற்றி விசாரித்தறிந்து வர வேண்டும்.

மீண்டும் வேட்டிக்கு வருகிறேன். இதைக் கட்டிக்கொண்டால் பணிவு தானாக வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. கதரைக் கட்டிக்கொண்டு மக்களை மதிக்காதவர்களும் இருந்திருக்கிறார்கள். ஆலைத் துணி உடுத்தி ஊருக்கு உழைத்தவர்களும் இருக்கிறார்கள். இந்தத் துணி செய்வது ஒன்றுதான்: பகட்டுக்கு உதவ மறுக்கிறது. எவ்வளவு கஞ்சி போட்டாலும் இதற்குக் கண்ணைப் பறிக்கும் வெள்ளை வராது. விறைப்பாக நிற்கும் மடிப்பும் வராது. சேற்றில் இறங்கினால் கறையை நினைத்துத் தயங்க வேண்டியதும் இல்லை. எங்கள் பாசன சபைத் தலைவர் இதைக் கட்டிக்கொண்டே மதகில் அடைத்திருந்த ஆகாயத்தாமரையை ஆட்களோடு சேர்ந்து இழுத்துப் போட்டார். கடைமடைக்காரர்கள் அன்றைக்குத்தான் அவரிடம் முதன்முறையாக வாய்விட்டுப் பேசினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். வேட்டி ஒரே துவைப்பில் தேறிவிட்டது.

விலை சாதாரண ஆலை வேட்டியைவிட அதிகம். அக்டோபர் 2 காந்தி பிறந்த நாளையொட்டித் தொடங்கும் தீபாவளித் தள்ளுபடியில் கதர் பருத்திக்கு 30 விழுக்காடு வரை குறையும். அவசரமில்லாதவர்கள் அதுவரை பொறுக்கலாம். முதல் முறை வாங்குகிறவர் துண்டில் தொடங்கட்டும். பொதுப்பொறுப்புக்கு வருகிறவருக்குக் கொடுப்பதானால் கோரா வேட்டியையே கொடுங்கள். அளவில் தாராளமானதாக எடுங்கள்.

கதர்க் கடைகளுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நூற்பவருக்கு ஒரு சிட்டத்துக்கு 10 ரூபாயாக இருந்த கூலி, 2024 அக்டோபரில்தான் 12 ரூபாய் 50 காசாகவும், 2025 ஏப்ரலில் 15 ரூபாயாகவும் உயர்ந்தது. அந்தக் கூலிக்கு உட்கார்ந்து நூற்றவர் எந்த ஊர்க்காரர், நெய்தவர் எந்த ஊர்க்காரர் என்பதை வேட்டியில் ஒட்டும் சீட்டிலேயே அச்சிட்டுத் தர வேண்டும். விலைக்கும் அளவுக்கும் இடம் இருக்கும் அந்தச் சீட்டில் இரண்டு ஊர்ப் பெயர்களுக்கும் இடம் இருக்கிறது.