மாந்தோப்பு ஷெட்டில் ஒரு சான் ஸ்டார்ம்: ஏழு வருஷ அனுபவம்

சான் ஸ்டார்ம் என்று ஒரு கார் இருந்ததே பலருக்குத் தெரியாது. கோவாவில் தயாரானது. இரண்டே சீட், ஃபைபர் பாடி, மடக்கி வைக்கிற துணிக் கூரை, ரெனோவின் 1,149 சி.சி. பெட்ரோல் இன்ஜின், சுமார் 60 குதிரைத்திறன். இன்று ஷோரூமில் நிற்கிற சாதாரண குடும்பக் காரே இதைவிட பலசாலி. ஆனால் இதில் எடை கிடையாது. ஷெட்டிலிருந்து வெளியே எடுக்க நான் ஒருத்தன் தோள் கொடுத்துத் தள்ளினால் போதும். அந்த லேசுக்காகத்தான் வாங்கினேன்.

2018 ஆடி மாதம், கோயம்புத்தூரில் ஒருவரிடம் வாங்கியது. ஆடியில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள் என்பதால் விலையும் படிந்தது. என் அம்மாவுக்கு அது இன்றுவரை குறை. "ஆடியில வாங்கின வண்டி, அதான் படுத்துக்கிட்டே இருக்கு" என்பார்.

படுத்துக்கொண்டேதான் இருக்கிறது. இந்த ஏழு வருஷத்தில் ஓடியது 9,300 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியில் உரக்கடை வைத்திருக்கிறேன். ஞாயிறு அரைநாள்தான் ஓய்வு, அதிலும் மாம்பழ சீசனில் அதுவும் கிடையாது. ஆகவே ஓட்டிய அனுபவம் என்று எழுதினால் ஒரு பக்கம் தேறாது. நிறுத்திவைத்த அனுபவம்தான் நிறைய இருக்கிறது, அதற்குத்தான் நிறையச் செலவும் ஆனது.

வீடு டவுனில், சந்துக்குள். கார் நிற்பது காவேரிப்பட்டணம் பக்கம் அப்பாவின் தோப்பில், காய் அடுக்கி வைக்கிற தகர ஷெட்டில். மே மாதம் பெங்களூரா ரக மாங்காய் இறங்க ஆரம்பித்ததும் அப்பாவிடமிருந்து போன் வரும்: "டேய், உன் பொம்மைக் காரைத் தள்ளு, கிரேட் வைக்க இடமில்ல." முதல் வருஷம் தள்ளி மரத்தடியில் விட்டேன். நல்ல நிழல் என்று நினைத்தேன். சீசன் முடிந்தும் உள்ளே ஏற்றச் சோம்பல்பட்டு தை மாதம் வரை அங்கேயே கிடந்தது. மா பூக்கிற காலம் அது. பூவில் தத்துப்பூச்சி அடைந்தால் தேன் மாதிரி ஒரு பிசினைக் கழிக்கும், இலையெல்லாம் அது வடியும், அதன் மேல் கரும்பூஞ்சை படரும். தினம் இருபது விவசாயிகளுக்கு இதைச் சொல்லி மருந்து விற்கிறவன் நான். என் கார் மேலேயே அது சொட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கவரைத் தூக்கினால் தூக்க வரவில்லை, துணிக் கூரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்த இடத்தில் கூரைச் சாயம் திட்டுத் திட்டாகக் கவரோடு போய்விட்டது. பின்பக்கம் இருக்கிற பிளாஸ்டிக் கண்ணாடியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய கோடுகள் இன்னும் இருக்கின்றன. அதற்கப்புறம் ஷெட்டின் ஒரு மூலையைத் தடுப்பு வைத்துப் பிரித்து வாங்கிவிட்டேன். அப்பாவுக்கு அந்த இடத்துக்கு இன்னும் மனத்தாங்கல்.

கவர் விஷயத்தில் இன்னொரு தப்பும் செய்தேன். ஆன்லைனில் வாங்கிய வாட்டர்ப்ரூஃப் பிளாஸ்டிக் கவர். மழைக்காலத்தில் தரையிலிருந்து எழுகிற ஈரம் அதற்குள்ளேயே தங்கி, காரே வேர்த்துக் கிடந்தது. சீட்டில் வெள்ளைப் பூஞ்சை. இப்போது பழைய காட்டன் பெட்ஷீட்டுகளைத் தையல்காரரிடம் கொடுத்து ஒட்டித் தைத்த உறைதான். பார்க்கக் கேவலமாக இருக்கும், ஆனால் காற்று போய்வரும். சிமெண்ட் தரை மேல் தார்ப்பாய் விரித்து, அதன் மேல் ரப்பர் பாய். சீட்டுக்கு அடியில் துணியில் கட்டிய அடுப்புக்கரி. துணிக் கூரையை எப்போதும் மூடியே வைக்கிறேன். மடக்கி வைத்தால் மடிப்பு விழுந்த இடத்தில் வெடித்துவிடும்.

ஃபைபர் பாடி என்பதால் துரு பற்றிக் கவலையில்லை என்று வாங்கும்போது சொன்னார்கள். மேலே இல்லை, சரி. அடியில் இருப்பதெல்லாம் இரும்புதானே. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் டார்ச் அடித்து அடியில் படுத்துப் பார்த்துவிடுகிறேன்.

பேட்டரிதான் என்னை அதிகம் சோதித்தது. முதல் இரண்டு வருஷத்தில் இரண்டு பேட்டரி போயின. இரண்டுமே ஓடித் தேய்ந்தவை அல்ல, சும்மா நின்றே செத்தவை. முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12-க்கு வந்துவிட்டால் கிட்டத்தட்ட காலி. அந்த நிலையில் வாரக்கணக்கில் விட்டால் உள்ளே தகட்டில் சல்ஃபேட் இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பிடிக்காது. சாவியை எடுத்துவிட்டால் எதுவும் கரண்ட் இழுக்காது என்றுதான் நினைத்திருந்தேன். பழைய ஓனர் மாட்டிய அலாரமும் மியூசிக் சிஸ்டமும் இரவும் பகலும் உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கின்றன. அலாரத்தைக் கழற்றிப் போட்டேன். தோப்பில் என் காரைத் திருட வருகிறவன் முதலில் என் அப்பாவைத் தாண்ட வேண்டும்.

எப்போதும் மாட்டியே வைக்கிற சார்ஜர் வாங்கலாம் என்று பலர் சொன்னார்கள். ஷெட்டுக்குப் பக்கத்தில் இருப்பது மோட்டார் லைன், விவசாயத்துக்குக் கொடுத்த இலவச மின்சாரம். அதில் காருக்கு இழுப்பது முறையில்லை. ஆகவே நெகட்டிவ் டெர்மினலில், திருகினால் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கிற கட்-ஆஃப் ஒன்று மாட்டினேன், சில நூறு ரூபாய்தான். மாதம் ஒருமுறை பேட்டரியைக் கழற்றி கடைக்குக் கொண்டுவந்து, ராத்திரி பூரா மெதுவாகச் சார்ஜ் போட்டுத் திருப்பி மாட்டுகிறேன். 2020 கடைசியில் வாங்கிய பேட்டரி இந்த வருஷம் வரை வந்துவிட்டது. நான் செய்த செலவிலேயே லாபமான செலவு அந்தத் திருகுதான்.

2020 மார்ச்சில் லாக்டவுன் போட்டபோது கார் ஷெட்டில் ஹேண்ட்பிரேக் போட்டபடி நின்றுவிட்டது. ஜூனில் போய்த் தள்ளினால் அசையவில்லை. முன்னால் என் மச்சானும் பின்னால் நானுமாக நின்று அசைத்துப் பார்த்தோம், பின் சக்கரம் இரண்டும் பூட்டியது பூட்டியபடி. பிரேக் லைனிங் துருவோடு ஒட்டிப்போயிருந்தது. மெக்கானிக் அண்ணன் வந்து சக்கரத்தைக் கழற்றி மரச் சுத்தியலால் தட்டித் தட்டி விடுவித்தார். போகும்போது சொன்னார்: "தம்பி, ஹேண்ட்பிரேக் போட்டுட்டு கல்யாணத்துக்குப் போலாம், லாக்டவுனுக்குப் போகக்கூடாது." அன்றிலிருந்து முதல் கியர், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கருங்கல் துண்டு, அவ்வளவுதான். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கருங்கல்லுக்கா பஞ்சம்.

இனி எலி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2021 கார்த்திகை. மூன்று வாரம் மழை, தோப்புப் பக்கமே போகவில்லை. போய் பானட்டைத் திறந்தால் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு கூடு. என் பெட்ஷீட் உறையின் நூல், யூரியா சாக்கின் பிளாஸ்டிக் இழை, சீட்டிலிருந்து பிய்த்த பஞ்சு, இவற்றையெல்லாம் கிண்ணம் மாதிரி வளைத்து, நடுவில் இரண்டாகப் பிளந்த மாங்கொட்டை. பருப்பு மட்டும் சுத்தமாகத் தின்னப்பட்டிருந்தது. அதற்கு நேர் கீழே மூன்று வயர், பல் வைத்த இடத்தில் செம்பு பளபளத்தது.

எலி மருந்து விற்கிறவனுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வான்? கடையிலிருந்து கேக் மருந்தை எடுத்துப்போய் நாலு மூலையிலும் வைத்தேன். எலி தின்றது. தின்றுவிட்டு, சாவதற்கு என் காரின் காற்றுக் குழாய்க்குள் போய்ப் படுத்தது. ஒரு வாரம் கழித்து பிளோவரைப் போட்டேன். அந்த வாடையை எழுத்தில் கொண்டுவர முடியாது. டேஷ்போர்டைக் கழற்றித்தான் எடுக்க வேண்டியிருந்தது. கழற்றிய கூலி, வயர் மாற்றிய கூலி எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய். அதனால் கடைக்காரனாகவே சொல்கிறேன், வண்டி நிற்கிற ஷெட்டில் விஷம் வைக்காதீர்கள்.

புகையிலைக் காம்பு வைக்கச் சொன்னார்கள். வாசம் இருக்கிறவரை இரண்டு வாரம் சரி, அப்புறம் எலி அதன் மேலேயே படுத்துத் தூங்கியது. அந்துருண்டை போட்டால் எலிக்கு என்ன ஆனதோ, எனக்குத் தலைவலி வந்தது. பூனை வளர்த்தேன். எலி குறைந்தது உண்மை. ஆனால் பூனைக்குப் படுக்க இதமான இடம் துணிக் கூரைதான் என்று அது முடிவு செய்தது, நகம் பட்ட இடமெல்லாம் நூல் பிரிந்தது.

கடைசியில் வேலை செய்தது சுவாரஸ்யமே இல்லாத விஷயங்கள். ஷெட்டின் தகரத்துக்கும் தரைக்கும் இடையில் இருந்த சந்தில் அரை அங்குலக் கம்பி வலை. சாக்குக் குவியலையும் மாங்கொட்டையையும் கார்ப் பக்கம் அண்ட விடாதது. கருவாடு வைத்த கூண்டுப் பொறி. பானட்டை மூடாமல் தூக்கியே நிறுத்துவது, ஏனென்றால் எலிக்கு இருட்டான மூடின இடம்தான் வேண்டும். சைலன்ஸர் வாயில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார். 2022-க்கு அப்புறம் ஒரு வயர்கூடப் போகவில்லை.

டயர் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கனமான கார்களில் நின்ற இடத்தில் டயர் தட்டையாகி ஓட்டும்போது தடதடக்கும். இது லேசான வண்டி என்பதால் அந்தத் தொந்தரவு குறைவு. நிறுத்தும்போது காற்றை 40 பி.எஸ்.ஐ. வரை ஏற்றிவிட்டு, ஓட்டும் முன் குறைத்துக்கொள்கிறேன். புது டயர் வாங்கும்போது மட்டும் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 1419 என்றால் 2019-ன் 14-வது வாரத்தில் செய்தது. எனக்கு ஒரு கடையில் 'புதுசு' என்று கொடுத்தது இரண்டு வருஷப் பழசு. நம் மாதிரி ஆட்களுக்கு டயர் பட்டன் தேய்ந்து போவதில்லை, வயதாகித்தான் போகிறது.

பெட்ரோல் விஷயத்தில் பழைய பாடம் மாறிவிட்டது. முன்பெல்லாம் டேங்கை நிரப்பி நிறுத்து, உள்ளே காற்று இருந்தால்தான் ஈரம் படியும் என்பார்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும், முதலில் இன்ஜினுக்குப் போவது அதுதான். பழைய ரப்பர் ஹோஸுக்கும் அது ஆகாது. என் காரில் ஹோஸ் எல்லாவற்றையும் போன வருஷம் மாற்றினேன், கழற்றியதை விரலால் அழுத்தினால் வெடித்தது. இப்போது ஐந்து லிட்டருக்கு மேல் வைத்திருப்பதில்லை, போட்டதை ஓட்டித் தீர்த்துவிடுகிறேன். மழைக்காலத்தில் நீண்ட நாள் நிற்கும் என்று தெரிந்தால், பெங்களூருக்குச் சரக்கு எடுக்கப் போகும்போது எத்தனால் கலக்காத 100 ஆக்டேன் பெட்ரோல் கேனில் வாங்கி வந்து நிரப்புகிறேன். விலையைக் கேட்டால் மனைவி அந்தக் கேனைத் தனியாக ஒரு பார்வை பார்ப்பாள்.

"வாரம் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விடுங்க" என்று சொல்லாதவர் இல்லை. நானும் இரண்டு வருஷம் செய்தேன். அது வண்டிக்கு நல்லதல்ல. பெட்ரோல் எரிந்தால் நீராவி வரும். இன்ஜினும் சைலன்ஸரும் நன்றாகச் சூடேறினால்தான் அது வெளியேறும், இல்லாவிட்டால் உள்ளேயே தண்ணீராகத் தங்கித் துருவாகும், ஆயிலிலும் கலக்கும். ஸ்டார்ட் செய்யப் பேட்டரி கொடுத்ததை ஐந்து நிமிஷத்தில் ஆல்டர்னேட்டர் திருப்பிக் கொடுப்பதும் இல்லை. ஓட்டினால் ஒழுங்காக ஓட்ட வேண்டும், இல்லையா, தொடவே கூடாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை விடியற்காலை எடுத்து ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாகத் தேன்கனிக்கோட்டை வரை போய் டீ குடித்துவிட்டு வருகிறேன். தக்காளி வண்டிகள் வரத் தொடங்கும் முன் அந்தச் சாலை என் கார் மாதிரி ஒன்றுக்காகவே வளைத்துப் போட்டதுபோல் இருக்கும். தேசிய நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே இதை ஓட்டுவதில் ஒரு சுகமும் இல்லை. லாரியின் சக்கரம் நம் காதுக்கு நேராகச் சுற்றும்.

ஓடாவிட்டாலும் ஆயில் வருஷம் ஒருமுறை, பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

காகிதம் இன்னொரு பொறி. தினம் ஓட்டாத வண்டிக்குத் தேதிகள் ஞாபகம் இருக்காது. 2001 மாடல் என்பதால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். புகைச் சான்று முடிந்து நான்கு மாதம் ஆனது தெரியாமலே ஒருமுறை ஓட்டிக்கொண்டிருந்தேன், செக்கிங்கில் அபராதம் கட்டிய பிறகுதான் தெரிந்தது. இப்போது எல்லாத் தேதியும் கடை காலண்டரில், உரக் கம்பெனிக்குப் பணம் கட்டும் தேதிகளோடு சேர்த்து வட்டம் போட்டிருக்கிறது.

ஒன்று விட்டுப்போனது. சைலன்ஸரில் கம்பி நார் வைப்பதாகச் சொன்னேனே, போன வருஷம் அதை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தேன். முக்கிக்கொண்டே நின்றது. ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் அந்த நார் குண்டு மாதிரி பறந்து, பின்னால் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த அப்பாவின் கூடையில் விழுந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "பாத்திரம் தேய்க்க ஆகும்" என்று மடியில் கட்டிக்கொண்டார். இப்போது நிறுத்தும்போதே சாவியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுகிறேன். நார், பானட், கல், கட்-ஆஃப், காற்று என்று ஐந்தையும் அதில் மார்க்கர் பேனாவில் எழுதியிருக்கிறது. அவிழ்த்துப் படித்துவிட்டுத்தான் சாவியைப் போடுவது.